முதலில் நாளைக் குறி

நெல்லிக்குப்பம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் டவுன்ஷிப் நண்பர்கள் பத்துப் பேர் போடி வரை பஸ்ஸில் போய், குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு நடந்தே ஏறப் போவதாக எழுதியிருக்கிறாய். என்ன ஷூ வாங்கலாம், ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தூக்கலாம் என்றும் கேட்டிருக்கிறாய். அவற்றுக்கு விடை சொல்வது எளிது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை நீங்கள் பத்துப் பேருமே தாண்டிப் போய்விட்டீர்கள்: எந்த மாதம், எந்தத் தடம்? மலைக்குப் போனவன் நல்லபடியாகத் திரும்புவது அவன் கால் பலத்தைவிட, வீட்டில் உட்கார்ந்து அவன் குறித்த நாளைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது என்பது என் கட்சி. மாமன் என்ற உரிமையில் உன்னைத் தடுக்கப் போவதில்லை. காரணங்களைச் சொல்கிறேன், நீயே நிறுத்துப் பார்.

நீங்கள் ஏற நினைக்கும் அதே மலையில்தான் 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, காட்டுத்தீ மூண்டது. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. திக்குத் தெரியாமல் ஓடியவர்கள் பள்ளத்தில் விழுந்தார்கள். மலையிலும் பிறகு மருத்துவமனைகளிலுமாக 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் முதலில் ஓடிவந்து தூக்கியவர்கள் ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். இதில் கவனிக்க வேண்டியது, அவர்களிடம் எது குறையாக இருந்தது என்பதுதான். இளமை இருந்தது, படிப்பு இருந்தது, கூட வந்தவர்களின் துணையும் இருந்தது. பிசகியது மாதம். அவர்கள் போன தடத்துக்கு முறையான அனுமதி இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது; ஆகவே தடமும் பிசகியது. இந்த இரண்டும் மலையடிவாரத்தை மிதிப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. தீயைக் கண்ட பிறகு அவர்கள் தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமிருக்கவில்லை.

மாதம் அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பாய். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடுப்பளவு வளரும் புல், தை பிறந்ததும் காயத் தொடங்கிப் பங்குனியில் சருகாகிவிடுகிறது. கோடை மழை நன்றாக இறங்கும் வரை அந்தச் சரிவு முழுவதும் விறகுதான். நெல்லிக்குப்பத்துப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரும்பு வெட்டிய கொல்லையில் சோகைக்குத் தீ வைக்கிறவர்கள் காற்றுப் பார்த்துத்தான் வைப்பார்கள். நம் கொல்லையோ சமதரை, நாலு பக்கமும் வரப்பு, பக்கத்திலேயே போர் செட். மலைச்சரிவில் இவை ஒன்றும் கிடையாது. மேல்நோக்கிச் சாயும் தீநாக்கு தனக்கு முன்னால் இருக்கும் புல்லை முதலில் காயவைத்து, பிறகு பற்றவைத்துக்கொண்டே ஏறுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்பில் கையாளும் பொதுக் கணக்கு. பகல் வெயிலில் பள்ளத்தாக்குக் காற்றும் மேல்நோக்கியே வீசும். நீ வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள். தோண்டும்போது ஏறத்தாழ பாதி எடை ஈரமாக இருக்கும் பழுப்பு நிலக்கரிகூட, குவித்துவைத்தால் தானாகச் சூடேறிப் புகைகிறது. அதனால்தான் குவியலின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். ஈரக் கரியையே நம்பாத நீங்கள் காய்ந்த புல்லை நம்பலாமா?

‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், சரியில்லை என்றால் திரும்பிவிடுவோம்’ என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையில் அடுத்த மடிப்புக்கு அப்பால் என்ன எரிகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய தடை மனசு. லீவு போட்டாகிவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது, பத்துப் பேரில் ஒன்பது பேர் முன்னால் நடக்கிறார்கள்; பத்தாவது ஆள் ‘எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று வாய் திறப்பானா? பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க யாருக்கும் விருப்பமில்லை. நண்பர் கூட்டத்தில் எல்லாரும் சமம் என்பதே அதன் அழகு. ஆபத்து வேளையில் நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் போவதும் அதனால்தான். உங்கள் தெர்மலில் பாய்லருக்குள் இறங்கும் முன் பெர்மிட் எழுதிக் கையெழுத்து வாங்குவது எதற்கு? உள்ளே போனவன் சூட்டில் நின்றுகொண்டு யோசிக்கக் கூடாது, யோசிக்க வேண்டியதை வெளியிலேயே யோசித்து முடிக்க வேண்டும் என்பதற்காக. மலைக்கும் அதே முறைதான் பொருந்தும்.

இன்னொரு மறுப்பும் எனக்குத் தெரியும். ‘வெள்ளியங்கிரிக்குக் கோடையில்தானே ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள்?’ உண்மை. அங்கே வனத்துறை அனுமதிப்பதே பிப்ரவரி முதல் மே வரைதான். ஆகவே கோடை என்றாலே மலை ஆகாது என்று நான் சொன்னால் அது தப்பு. ஒவ்வொரு மலைக்கும் ஒரு காலம் உண்டு. ஏழு மலைக்கும் ஒரே தடம், முன்னும் பின்னும் ஆள், அடிவாரத்தில் கண்காணிப்பு என்று இருக்கும் வெள்ளியங்கிரியின் காலம், ஆளரவமற்ற புல்சரிவுக்குப் பொருந்தாது. அத்தனை ஏற்பாட்டுக்கு நடுவிலும் 2024 பருவத்தில் மூச்சுத்திணறியும் நெஞ்சு வலித்தும் பலர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார். ‘குரங்கணி எப்போதோ நடந்தது’ என்பவர்களுக்கும் பதில் உண்டு. ஆபத்து அரிது என்பது வருஷம் முழுவதையும் சேர்த்துப் போடும் கணக்கு. அந்த அரிதான ஆபத்து கூடிவரும் வாரங்களையே தேடிப் போய்க் குறிக்கிறவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

அரசாங்கம் விதி போட்டே இளைஞர்களின் சந்தோஷத்தைக் கெடுக்கிறது என்று ஒரு குறையும் உங்கள் வயதில் இருக்கும். குரங்கணிக்குப் பிறகு அதே 2018-ல் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 தடங்களைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீக்காலம் என்பதால், அந்தத் தடங்களை மூடிவைத்தார்கள். கட்டணம் கூடுதல், சில தடங்களில் கெடுபிடி அதிகம் என்ற குறைகளில் நியாயம் இருக்கலாம். அதற்காகக் குரல் கொடு, தப்பில்லை. ஆனால் கட்டணத்தின் மீதுள்ள கோபத்தைத் தேதியின் மீது காட்டாதே. மூடிவைத்த அந்த இரண்டு மாதம், அதிகாரி யாரோ இஷ்டத்துக்குப் போட்டதல்ல. புல் காயும் கணக்கைப் பார்த்துப் போட்டது. நீங்கள் சொன்ன ஏப்ரல் முதல் வாரம் அதற்குள்ளேயே விழுகிறது.

அதனால் என் யோசனை இதுதான். கொழுக்குமலைச் சூரிய உதயம்தான் வேண்டும் என்றால், கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து ஜீப் போகிறது; அதில் போய்ப் பாருங்கள். நடந்து ஏற வேண்டும் என்றால், மழை ஓய்ந்து புல் பச்சையாக இருக்கும் மார்கழிக்குத் தள்ளிவையுங்கள். வனத்துறை அனுமதிக்கும் தடத்தில், வழிகாட்டியோடு போங்கள். அதுவரை கால் சும்மா இருக்காது என்றால், விழுப்புரம் தாண்டினால் செஞ்சி. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. பாறை சூடேறும் முன் ஏறி இறங்கிவிட்டால், மலை எப்படி ஆளை அளக்கும் என்பது அங்கேயே புரியும். எங்கே போனாலும் புறப்படும் முன் இரண்டைப் பேசி எழுதிவையுங்கள்: எத்தனை மணி ஆனால் உச்சி தெரிந்தாலும் திரும்புவது, யாராவது ஒருவர் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் எல்லாரும் திரும்புவது.

ஷூ விஷயம்: அரை அளவு பெரிதாக வாங்கு, இறக்கத்தில் விரல் இடிக்காது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறைய வேண்டாம். நாளை மாற்றிக் குறித்துவிட்டு எழுது.

அன்புடன்,
மாமா