வீட்டுக் கணனி வலையமைப்பு: கோப்பும் அச்சுப்பொறியும் கிடைக்காதபோது

ஒரு வீட்டில் மேசைக் கணனி ஒன்று, மடிக்கணனி ஒன்று, அச்சுப்பொறி ஒன்று இருக்கின்றன எனக் கொள்வோம். அச்சுப்பொறி மேசைக் கணனியுடன் வயரால் இணைக்கப்பட்டுள்ளது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளும் அந்தக் கணனியிலேயே ஒரு கோப்புறையில் உள்ளன. மகள் மடிக்கணனியில் விண்ணப்பமொன்றை நிரப்பிவிட்டு அச்சிட முயல்கிறாள், முடியவில்லை. கோப்புறையும் திறக்கவில்லை. கணனியைக் கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் நாமே செய்யக்கூடியவை பல உண்டு.

தோட்டத்தில் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்கிறோம்? கிணற்றடியிலிருந்து தொடங்குகிறோம். இயந்திரம் ஓடுகிறதா, வாய்க்கால் உடைந்திருக்கிறதா, பாத்தியின் மடை திறந்திருக்கிறதா என வரிசையாகப் பார்க்கிறோம். இங்கும் அதே ஒழுங்குதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

1. தொடக்க இடம்

மேசைக் கணனியிலிருந்தே ஒரு பக்கம் அச்சிடுங்கள். அங்கும் அச்சாகாவிட்டால் குறை வலையமைப்பில் இல்லை. தாள், மை, வயர் ஆகியவற்றைப் பாருங்கள். மேசைக் கணனி நிறுத்தப்பட்டிருந்தாலோ உறக்க நிலையில் இருந்தாலோ, அது பகிரும் எதுவும் மற்றக் கணனிக்குக் கிடைக்காது.

2. இணைப்பு

இரு கணனிகளும் ஒரே ரவுட்டருடன் இணைந்திருக்க வேண்டும். விருந்தினருக்கென ஒதுக்கிய வைபையில் இணைந்தவை பெரும்பாலும் வீட்டின் மற்றக் கருவிகளைக் காண முடியாது. அடுத்து, ஒவ்வொரு கணனியின் ஐ.பி. முகவரியையும் பாருங்கள். வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். 169.254 எனத் தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். போதாவிட்டால் ரவுட்டரை நிறுத்தி இயக்குங்கள்.

3. மடை

விண்டோஸில் வலையமைப்பு ‘பப்ளிக்’ எனக் குறிக்கப்பட்டிருந்தால் பயர்வோல் வழமையாகப் பகிர்வைத் தடுக்கும். வீட்டு வலையமைப்பை ‘பிரைவேட்’ என மாற்றி, கோப்பு மற்றும் அச்சுப்பொறிப் பகிர்வை இயக்குங்கள். மேசைக் கணனி பெயரால் திறக்காமல் ஐ.பி. முகவரியால் திறந்தால், பாதை சரி. பெயரைக் கண்டறிவதில்தான் குறை.

4. அனுமதி

மடிக்கணனி பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால், மேசைக் கணனியிலுள்ள கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். திரையைத் திறக்கும் ‘பின்’ இலக்கம் இங்கு செல்லாது. கடவுச்சொல் இல்லாத கணக்கையும் விண்டோஸ் வழமையாக ஏற்பதில்லை. கோப்புறைக்கு இரு அனுமதிகள் உண்டு: பகிர்வுக்கான அனுமதி, கோப்புறைக்கே உரிய அனுமதி. இரண்டில் இறுக்கமானதே செல்லுபடியாகும்.

குறுக்குவழி வேண்டாம்

பயர்வோலை முற்றாக நிறுத்து, கடவுச்சொல்லை எடுத்துவிடு, பழைய எஸ்.எம்.பி. 1 முறையை இயக்கு எனச் சிலர் ஆலோசனை கூறுவர். இது ஒரு பாத்திக்குத் தண்ணீர் விட வரம்பையே வெட்டுவதற்கு ஒப்பாகும். 2017 மே மாதத்தில் ‘வானாக்கிரை’ என்ற கணனிப் புழு அந்தப் பழைய முறையிலிருந்த ஓட்டையினூடாகவே பல நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது.

இடம்பெயர்ந்த குடும்பத்திற்குக் காணி உறுதியின் பிரதி எவ்வளவு பெறுமதியானது என்பதை நீங்கள் அறிவீர்கள். கடவுச்சொல்லை நீக்கி எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்தால், உங்கள் வைபையில் இணையும் எவரும் அதைப் பார்க்கலாம், அழிக்கவும் கூடும். ஆகவே அக்கோப்புறைக்குப் படிக்கும் அனுமதி மாத்திரம் கொடுங்கள். இன்னொரு பிரதியைப் பென்டிரைவில் பதிந்து வேறிடத்தில் வையுங்கள். பகிர்வு என்பது பாதுகாப்புப் பிரதி ஆகாது.

பயிற்சி

உங்கள் வீட்டுக் கணனிகளின் பெயர், ஐ.பி. முகவரி, பகிர்ந்த கோப்புறை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். எல்லாம் ஒழுங்காக இயங்கும் நாளில் எழுதிய குறிப்பே, இயங்காத நாளில் எது மாறியது என்பதைக் காட்டும்.