கதிர் மருந்தும் அதன் முகவரியும்

சிகிச்சைக்காக ஊரிலிருந்து மும்பை வரும் உறவினர்களை வீட்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர். டிராம்பேயில் ஐசோடோப்பு வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்துப் படுக்கைக்காரருக்கு லூட்டீஷியம் ஊசி போட்டார்கள். என் அண்ணனுக்கும் அதே புராஸ்டேட் புற்றுநோய்தான். ஸ்கேன் எடுத்துவிட்டு, இவருக்கு இது வேண்டாம் என்கிறார்களே, ஏன்?" கைவிட்டுவிட்டார்களோ என்று வீட்டார் கலங்கிப் போகிறார்கள். விடை அந்த மருந்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

கதிர் மருந்தில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, உடலில் குறிப்பிட்ட இடத்தைத் தேடிச் செல்லும் மூலக்கூறு. மற்றது, அதனுடன் பிணைக்கப்பட்ட கதிரியக்க அணு. தபாலோடு ஒப்பிட்டால் முன்னது முகவரி, பின்னது உறைக்குள் உள்ள சரக்கு.

தைராய்டு நோய்க்குத் தரும் அயோடினுக்கு மட்டும் முகவரி எழுத வேண்டியதில்லை. அந்தச் சுரப்பி அயோடினைத் தானே இழுத்துக்கொள்ளும். 1941-ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் இந்த இயல்பைப் பயன்படுத்தித்தான் தைராய்டு மிகைச் சுரப்புக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார்.

படம் எடுக்க அதிகம் பயன்படுவது டெக்னீஷியம்-99எம். இதன் அரை ஆயுள் 6 மணி நேரமே. சேமித்து வைக்க முடியாது. ஆகையால் 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99-ஐ ஒரு சிறு கலனில் அடைத்து மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அதில் டெக்னீஷியம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்பு நீரை உள்ளே செலுத்திக் கறந்துகொள்ளலாம். எங்கள் தொழிலில் அந்தக் கலனுக்குப் பசு என்றே பெயர்! கறந்த டெக்னீஷியத்தை ஒரு பாஸ்பரஸ் சேர்மத்துடன் பிணைத்தால் எலும்புக்குப் போகும். வேறொன்றுடன் பிணைத்தால் சிறுநீரகத்துக்குப் போகும். சரக்கு ஒன்றே, முகவரிதான் வேறு.

இனி அண்ணனின் கதைக்கு வருவோம். புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள் பலவற்றின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் மிகுந்திருக்கும். அதைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறில் முதலில் காலியம்-68-ஐ ஏற்றி பெட் ஸ்கேன் எடுப்பார்கள். மருந்து போய்ச் சேர்ந்த இடங்கள் படத்தில் ஒளிரும். அதன் பிறகே, அதே புரதத்தைப் பற்றும் மூலக்கூறில் லூட்டீஷியம்-177-ஐ ஏற்றிச் செலுத்துவார்கள். அதன் பீட்டா கதிர் திசுவுக்குள் சுமார் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதாவது, ஒட்டிய இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டுமே தாக்கும்.

சிலருடைய கட்டிகளில் அந்தப் புரதம் இருப்பதில்லை, அல்லது மிகக் குறைவு. ஸ்கேனில் கட்டி ஒளிராவிட்டால் லூட்டீஷியமும் அங்கே ஒட்டாது. உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை ஆகியவை வீணாகக் கதிர் வாங்கியதுதான் மிச்சமாகும். அதனால்தான் மருத்துவர் வேண்டாம் என்கிறார். இதில் பணத்துக்குச் சம்பந்தமில்லை. கைவிட்டதாகவும் பொருளில்லை; கீமோதெரபி போன்ற பிற வழிகள் பொருந்துமா என்று அவரிடமே கேளுங்கள். மருந்து கிடைக்காத ஊரும் அல்ல இது; டிராம்பேயின் துருவா உலையிலேயே லூட்டீஷியம்-177 தயாராகிறது.

சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பியதும் அடுத்த பயம் தொடங்குகிறது. சிலர் வீடுகளில் தட்டு, தம்ளரோடு ஆளையே ஒதுக்கிவைத்து விடுகிறார்கள். அவ்வளவு வேண்டாம். அயோடின்-131-ன் அரை ஆயுள் 8 நாள். ஆனால் உடம்பில் தங்காத அயோடினில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரில் போய்விடும். கருவி வைத்து அளந்து, அளவு குறைந்த பிறகே அனுப்புகிறார்கள். அதன் பின் தூரமே நல்ல காப்பு: ஒரு மீட்டரில் இருப்பதைவிட இரண்டு மீட்டரில் கதிர் ஏறக்குறைய கால் பங்குதான். மருத்துவர் சொன்ன நாள்வரை தனியே படுக்கட்டும், கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றட்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதுவரை சற்றுத் தள்ளியே இருக்கட்டும். கூடத்தில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேச எந்தத் தடையும் இல்லை.