போகும் வழியும் திரும்பும் வழியும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 1972-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. உன் கைக்கு வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் அது. இன்றைக்கும் அதற்கு உதிரிபாகம் தாராளமாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், செல்ஃப் எடுக்கவில்லை, ஆனால் ஹெட்லைட் நன்றாக எரிகிறது என்று எழுதியிருக்கிறாய். புது ஸ்டார்ட்டர் வாங்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். முதலில் வயரைப் பார்ப்போம்.

ஹெட்லைட் எரிகிறதே, அப்படியானால் வயரில் கோளாறு இருக்காது என்று நினைக்கிறாய். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார். 60 வாட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். வழியில் ஏதோ ஒரு மூட்டில் 0.02 ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள். பல்பு இழப்பது 0.1 வோல்ட். அது கண்ணுக்கே தெரியாது. குளிர்ந்த எஞ்ஜினைச் சுற்றிவிட ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் அளவில் இழுக்கும். அப்போது அதே மூட்டு 4 வோல்ட்டை விழுங்கிவிடும். மிச்சமிருக்கும் வோல்டேஜில், மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சொலினாய்டு சுவிட்ச் இழுத்துக்கொள்ளும். 'டக்' சத்தம் அதுதான். மோட்டாருக்குத் தெம்பு போதாது.

உன் காரில் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் வழி நீளமானது. பேட்டரி பானெட்டுக்குள் இல்லை. சீட்டுக்குப் பின்னால் தரைக்குக் கீழே, 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து ஒரு தடித்த கேபிள் காரின் அடிவயிற்றை ஒட்டியே ஓடி ஸ்டார்ட்டருக்குப் போகிறது. ஐம்பது வருட மழைநீரும் பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பும் அதன்மேல்தான் தெறித்திருக்கின்றன.

போகும் வழியைப் பார்ப்பவர்கள்கூடத் திரும்பும் வழியை மறந்துவிடுகிறார்கள். எஞ்ஜின் ரப்பர் மவுண்ட்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தை விடாது. அதனால் எஞ்ஜின் பக்கத்துக்கும் பாடிக்கும் நடுவே, பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை இருக்கும். மாடலைப் பொறுத்து எஞ்ஜின் மவுண்ட் அருகிலோ கியர்பாக்ஸ் அருகிலோ தேடு. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் முழுவதும் அந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அது அறுந்தாலோ போல்ட்டின் கீழ் துருப்பிடித்தாலோ, கரண்ட் வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிளிலும் சோக் கேபிளிலும் பாயும். அந்த மெல்லிய கம்பிகள் சூடேறி, உள்ளுறை உருகி, இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடும் காரில் ஆக்ஸிலரேட்டர் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்தப் பட்டையை மட்டும் விடாதே.

கழற்றுவதற்கு முன் அளந்து பார். இக்னிஷன் காயிலுக்குப் போகும் வெள்ளை வயரைக் கழற்றி நுனியில் டேப் சுற்றிவிடு; எஞ்ஜின் ஸ்டார்ட் ஆகாது. கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழு. நண்பர் ஒருவரைச் சாவி திருப்பச் சொல். மல்டிமீட்டரின் ஒரு முனையை, ஸ்டார்ட்டர் கேபிள் ஏறும் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழ்மேல் வை. கிளாம்ப்மேல் வைக்காதே, கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவிலேயே கோளாறு இருக்கலாம். மறு முனையை ஸ்டார்ட்டரில் கேபிள் ஏறும் போல்ட்டில் வை. சாவி திரும்பும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போகும் வழியில் கோளாறு. அடுத்து, பாடியோடு இணைந்த மற்ற பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டரின் உடம்புக்கு அளந்து பார், அங்கே 0.3-ஐத் தாண்டக் கூடாது. சாவி திருப்பாதபோது பேட்டரி ஒவ்வொன்றும் 6.3 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் இழுக்கும்போது இரண்டும் சேர்ந்து 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே போய்விட்டது.

இனி மாற்றும் வேலை. கழற்றும்போது பாடியோடு சேரும் எர்த் முனை முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் எர்த் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் ஸ்பேனரே பழுக்கக் காய்ந்துவிடும். 'நெகட்டிவ் முதலில்' என்று மனப்பாடம் செய்யாதே. 1967 வரை வந்த எம்.ஜி.பி.க்களில் பாசிட்டிவ்தான் எர்த். உன் வண்டியில் நெகட்டிவ். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வைத்துவிடு.

கேபிள் வாங்கும்போது கஞ்சத்தனம் பார்க்காதே. 3 மீட்டர் நீளத்துக்கு, 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 200 ஆம்பியர் போனால் 0.4 வோல்ட் விழும். மூட்டுகளுக்கென்று மிச்சம் 0.1 மட்டுமே. 40 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.26 தான். அதையே வாங்கு. முனையில் மாட்டும் லக் வளையத்தைச் சுத்தியலால் நசுக்காதே. அறுகோண வாய் உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடு காட்டு. ஈரம் ஏறாமல் இருக்க அதுதான் காவல். கழற்றிய பழைய கேபிளின் முனையைக் கத்தியால் ஒரு சாண் நீளம் கீறிப் பார். மேலே கறுப்பு உறை வழவழவென்று புதிது போலிருக்கும். உள்ளே, லக்கை ஒட்டிய இழைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் செம்பு கறுத்துப் போயிருக்கும், வளைத்தால் இழைகள் பொடிப்பொடியாக உதிரும். சுத்தம் செய்து மறுபடி போட்டால் ஏன் பயனில்லை என்பது அப்போது உனக்கே தெரியும்.

ஸ்டார்ட்டரின் அந்த ஒரே போல்ட்டில் பிரவுன் வயர்களும் இருக்கும். ஒன்று ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. காரின் மற்ற எல்லாவற்றுக்கும் கரண்ட் போவதும் அங்கிருந்துதான். கழற்றுமுன் போட்டோ எடுத்து வை. சொலினாய்டை இழுக்க வைக்கும் வயர் தனியாக இருக்கும். அதன் ஸ்பேட் முனையும் இறுக்கமாக உட்கார வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது, அதனால் அது உரசி பாடியில் பட்டுவிடக் கூடாது. தகட்டில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடு, வழியெல்லாம் கிளிப் மாட்டு, சைலன்சர் குழாயிலிருந்து விலக்கி வை. எஞ்ஜினின் செம்பு எர்த் பட்டை பாடியில் உட்காரும் இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, வெறும் இரும்பு மின்னும்வரை சுத்தம் செய். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவு.

எல்லாம் முடிந்ததும் அதே இரண்டு அளவுகளையும் திரும்ப எடு. இரண்டும் அளவுக்குள் இருந்து, பேட்டரியும் 9.6-க்கு மேல் நின்று, அப்போதும் வெறும் 'டக்' என்றால், ஸ்டார்ட்டரைக் கழற்றலாம். முன்னும் பின்னும் வந்த எண்களைக் குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்