ஜிப் பைலை சர்வரிலேயே பிரிப்பது எப்படி?

சொந்தமாக இணையதளம் தொடங்கும் பலரும் பைல்களை ஒவ்வொன்றாக சர்வருக்கு அனுப்பிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே ஜிப் பைலாக அனுப்பி, அங்கே போன பிறகு பிரித்துக் கொண்டால் வேலை சுலபம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை பற்றி நான் ஒரு சிறிய தளம் வைத்திருக்கிறேன். ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், 70 கொண்டை ஊசி வளைவுகள் என அதில் 400 படங்கள். மலையில் சிக்னல் வரும், போகும். எப்.டி.பி. முறையில் ஒவ்வொரு பைலுக்கும் தனி இணைப்பு திறந்து மூட வேண்டும். நடுவில் அறுந்தால் எது போனது, எது போகவில்லை என்று தேட வேண்டும். ஒரே பைல் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் ஜிப் செய்தாலும் அளவு பெரிதாகக் குறையாது. லாபம் எண்ணிக்கையில்தான்.

செய்முறை:

1. தளத்தின் போல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் பைல்களை மட்டும் தேர்வு செய்து ஜிப் செய்யவும். போல்டரையே ஜிப் செய்தால் பிரிக்கும்போது போல்டருக்குள் போல்டர் உருவாகி, முகப்புப் பக்கம் திறக்காது.

2. பைல்ஜில்லா மூலம் அனுப்பவும். நடுவில் நின்றால் மீண்டும் அனுப்பி, ரெஸ்யூம் என்பதைத் தேர்வு செய்யவும். விட்ட இடத்திலிருந்து தொடரும்.

3. சி-பேனலில் பைல் மேனேஜரைத் திறந்து, பப்ளிக்_எச்டிஎம்எல் போல்டருக்குள் செல்லவும். ஜிப் பைலின் அளவு உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளதுடன் ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும். குறைந்தால் பைல் முழுதாக வரவில்லை.

4. ஜிப் பைலைத் தேர்வு செய்து எக்ஸ்ட்ராக்ட் பட்டனைக் கிளிக் செய்யவும். எங்கே பிரிக்க வேண்டும் என்று கேட்கும்; போல்டர் பெயரைச் சரிபார்த்து ஓகே கொடுக்கவும். முடிந்ததும் ரீலோட் கிளிக் செய்தால் பைல்கள் தெரியும்.

அதே பெயரில் பழைய பைல்கள் இருந்தால் அவற்றின் மேல் புதியவை பதிந்துவிடும். எனவே முதலில் பேக்கப் எடுத்துக் கொள்ளுங்கள். சில படங்கள் மட்டும் தெரியாவிட்டால் பெயரில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். விண்டோஸ் பெரிய, சிறிய எழுத்துகளை ஒன்றாகவே கருதும். லினக்ஸ் சர்வருக்கு அவை வேறு வேறு.

கடைசி வேலைதான் மிக முக்கியம். பிரித்தவுடன் அந்த ஜிப் பைலை சர்வரிலிருந்து அழித்துவிடுங்கள். பப்ளிக்_எச்டிஎம்எல் போல்டரில் இருப்பதைப் பெயர் தெரிந்த எவரும் டவுன்லோட் செய்யலாம். பேக்கப்.ஜிப் போன்ற பெயர்களை ஊகித்து, தளம் தளமாகத் தேடும் புரோகிராம்களும் உண்டு. உங்கள் தளம் வேர்ட்பிரஸில் இயங்கினால், அந்த ஜிப்புக்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைக்கலாமா?