கனமான உறைதான் நல்ல உறையா?

நம்பிக்கை: உறை எவ்வளவு கனமோ, பொருளுக்கு அவ்வளவு பாதுகாப்பு.

உண்மை: குளிர்பான அலுமினிய கேனைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1972-இல் அமெரிக்காவில் ஒரு கேனின் எடை 21 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 2011-இல் 13 கிராம்கூட இல்லை. பக்கச் சுவரின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தமே அதை விறைப்பாக நிற்க வைக்கிறது. அடிப்பாகம் உள்நோக்கிக் குழிந்திருப்பதால் மெல்லிய தகடே அந்த அழுத்தத்தைத் தாங்கிவிடும். மூடி மட்டும் தடிமனாக இருந்தாக வேண்டும். அதனால்தான் கழுத்தைக் குறுக்கி, மூடியின் விட்டத்தையும் குறைத்தார்கள். கேனுக்குச் சில கிராம்தான் மிச்சம். ஆனால் கோடிக்கணக்கில் தயாராகும் பொருள் இது. உலோகச் செலவு, லாரி வாடகை, மின்சாரம் எல்லாமே குறைகின்றன.

கேனில் மாறியது எடை மட்டுமல்ல. திறந்ததும் கையோடு வந்துவிடும் பழைய இழுப்பு வளையம் கடற்கரைகளில் கால்களைக் கிழித்தது. 1975-இல் டேனியல் குட்சிக் வடிவமைத்த, கேனிலேயே ஒட்டி நிற்கும் வளையம் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. எந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தாலும் இதைச் சாதித்திருக்க முடியாது என்பேன்.

நம்பிக்கை: பிளாஸ்டிக்கை விட்டுத் துணிப்பைக்கு மாறினாலே போதும்.

உண்மை: மாறினால் போதாது, திரும்பத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011 அறிக்கைப்படி, புவி வெப்பமாதலை மட்டும் கணக்கிட்டால், ஒருமுறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையை ஈடுகட்டப் பருத்திப் பையை 131 முறையும் காகிதப் பையை 3 முறையும் பயன்படுத்த வேண்டும். கால்வாயை அடைக்கும் பிளாஸ்டிக் இந்தக் கணக்கில் வராது. ஆகவே துணிப்பையே நல்லது. தாம்பூலப் பையாக வந்த மஞ்சப்பையைக் கிழியும்வரை கடைக்குக் கொண்டுபோங்கள்.

நம்பிக்கை: சிப்ஸ் பாக்கெட்டில் இருப்பது வெறும் காற்று, ஏமாற்று வேலை.

உண்மை: அது பெரும்பாலும் நைட்ரஜன். எண்ணெய் சிக்குவாடை அடிக்காமலும் சிப்ஸ் நொறுங்காமலும் காக்கிறது. குறை சொல்ல வேண்டியது உறையைத்தான். பிளாஸ்டிக் படலங்களும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பழைய பேப்பர்காரர் அதைத் தொடமாட்டார். பால் கவரை வாங்கிக்கொள்வார், ஏனென்றால் அது முழுக்கப் பாலித்தீன். அதிலும் வீணாவது, நாம் வெட்டி எறியும் முனை. அந்தத் துணுக்கு சாக்கடைக்குப் போனால் திரும்பக் கிடைக்காது. முனையை முழுக்க வெட்டாமல், கவரோடு தொங்கும்படி பாதி வெட்டினால் போதும்; பால் தாராளமாக வரும்.