அப்பத்தாவின் ஐந்து ரூபாய் நாணயம்



உங்கள் கையில் ஐந்து ரூபாய் நாணயம் இருந்தால் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நாம் 5 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மிட்டாய் வாங்கிவிடுகிறோம். மறுபக்கத்தை யாரும் பார்க்கிறதே இல்லை. நானும் அப்படித்தான். அப்பத்தா நோட்டு வாங்கச் சொல்லி சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசில் 1911 – 2011 என்று போட்டிருந்தது. ஒரு காசுக்கு எப்படி இரண்டு வருஷம் இருக்கும் என்று சயின்ஸ் டீச்சரிடம் காட்டினேன். அவர்கள் சொன்னதையும், பிறகு நூலகத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இது நினைவு நாணயம். ஒரு தலைவருக்கோ நிறுவனத்துக்கோ நூறு வருஷம் ஆனால் மத்திய அரசு இப்படி வெளியிடும். இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு 100 ஆண்டு நிறைந்ததற்காக 2011-ல் வந்தது. சுருக்கமாக ஐ.சி.எம்.ஆர். என்பார்கள். கொரோனா சமயத்தில் டி.வி. செய்தியில் தினமும் கேட்ட பெயர்தான். நாணயம் பித்தளை நிறம். செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் கலந்தது. எடை 6 கிராம். கழகத்தின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. (தமிழில் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.)

1911-ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்று தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல்தான் இப்போதைய பெயர் வைத்தார்கள். தலைமை அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. ஆனால் பெரிய வேலைகள் சில நம்ம பக்கம் நடந்திருக்கின்றன. 1918-ல் குன்னூரில் ஒரே ஒரு அறையில் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். அந்த ஒரு அறைதான் வளர்ந்து இன்றைக்கு ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இனிமேல் சொல்லப் போவதுதான் முக்கியம். காசநோய் என்கிற டி.பி. பற்றி. அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் படுக்க வைப்பார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு இருந்தால்தான் குணமாகும் என்று நம்பினார்கள். ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ கொஞ்சம். மீதிப் பேர் என்ன செய்வார்கள்?

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கினார்கள். ஐ.சி.எம்.ஆர்., சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து செய்தது. சென்னையில் இருந்த ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில். பாதிப் பேர் அவங்கவங்க வீட்டிலேயே. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடிசை, அரைகுறைச் சாப்பாடு, வேலைக்கும் போக வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று திடீரென்று வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்ப்பார்களாம்! சிறுநீரைக்கூட சோதிப்பார்களாம்!

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். இன்னொன்றும் பார்த்தார்கள். வீட்டிலேயே வைத்திருந்தால் கூட இருக்கிறவர்களுக்கு அதிகமாகத் தொற்றுகிறதா? இல்லை! இரண்டு பக்கத்துக் குடும்பங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏனென்றால் தொற்றுவது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாடி. சரியான மருந்து சாப்பிட ஆரம்பித்ததும் சளியில் கிருமி வேகமாகக் குறைந்துவிடும்.

இதைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். போன வருஷம் எங்க அப்பத்தாவுக்கு டி.பி. என்று தெரிந்ததும் வீட்டுக்குள் ஒரே பேச்சு. எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார் ஒரு சொந்தக்காரர். அப்பத்தாவின் டம்ளரையும் தட்டையும் தனியாக்கி மாட்டுக்கொட்டாய் திண்ணையில் வைத்துவிட்டார்கள். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டது. நானும் பயந்து பக்கத்தில் போகவில்லை. நர்சம்மா வந்து, "இருமும்போது வாயைத் துணியால மூடச் சொல்லுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. தட்டு டம்ளர்ல எல்லாம் இது ஒட்டாது"ன்னு சொன்னாங்க. அப்பவும் யாரும் டம்ளரை உள்ளே எடுக்கலை.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், "எனக்குச் சரியாப்போச்சு, மாத்திரை வேணாம்"னு அப்பத்தா அடம் பிடித்தது. பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கிற கிருமிக்கு அந்த மருந்து பழகிவிடும், அப்புறம் வேற மருந்துதான் தேடணும். அதனால் நர்சம்மா முன்னால் நின்று முழுங்க வைத்தார்கள். ஆறு மாதமும் மருந்து இலவசம். இப்போது அப்பத்தா களை எடுக்கப் போகிறது.

இந்தப் பாடத்தை முந்தாநாள் ராத்திரி வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா எழுந்து போய் அந்த டம்ளரை எடுத்துவந்து புளி போட்டு விளக்கி அடுக்களையில் கவிழ்த்து வைத்தார்கள். அப்பத்தா, "என் அஞ்சு ரூவா எங்கடி?"ன்னு கேட்டுச்சு.

நாணயத்தில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. எங்கள் காசு தேய்ந்துபோய் அந்த இடம் தெரியவில்லை. உங்கள் வீட்டில் தேயாதது இருந்தால் ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். பார்த்துட்டு உடனே கொடுத்துடுவேன்.