22-ஆம் எண் ரயில் நிலையம்

அமெரிக்காவின் சதர்ன் பசிபிக் ரயில்வே ஊருக்கு ஊர் புதிதாக நிலையம் வரைந்துகொண்டிருக்கவில்லை. எண் போட்ட பொது வரைபடங்களைக் கையில் வைத்திருந்தது. ஊரின் தேவையைப் பார்த்து ஓர் எண்ணைத் தேர்ந்து கட்டியது. அவற்றில் 22-ஆம் எண் பெயர்பெற்றது. மரக் கட்டடம், கீழே காத்திருப்பு அறை, அலுவலகம், சரக்கறை, மாடியில் நிலைய ஏஜென்ட் குடும்பத்துக்கு வீடு. கலிஃபோர்னியாவின் கோலீட்டாவில் 1901-இல் இப்படிக் கட்டிய ஒன்று இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. கடைப் பெட்டியில் வரும் அச்சு வார்ப்புகளை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் தாமே வெட்டி ஒட்டும் மாடல் ரயில் பிரியர்களுக்குத் தொடங்கத் தோதான கட்டடம் இது.

ஆனால் பொது வரைபடம் கம்பெனியின் உத்தேசம் மட்டுமே. சரக்கு பெருகிய ஊரில் சரக்கறையை நீட்டினார்கள்; தண்டவாளத்தின் மறுபக்கம் கட்டும்போது வரைபடத்தை இடவலமாகத் திருப்பினார்கள். பின்னாளில் புகைபோக்கி போனது, தாழ்வாரம் வந்தது. எனவே தேதி தெரிந்த ஒரு புகைப்படமாவது பக்கத்தில் இல்லாமல் கத்தியை எடுக்கக் கூடாது. கட்டடம் இன்றும் நிற்கிறதே என்று நிம்மதியடையவும் முடியாது. கோலீட்டா நிலையத்தை 1981-இல் பழைய இடத்திலிருந்து பெயர்த்து நகர்த்தினார்கள். இன்றைய வரைபடத்தைப் பார்த்துத் திசை குறித்தால் மாடலில் வெயில் தவறான சுவரில் அடிக்கும்.

குறிப்பிட்ட கட்டடத்தின் வரைபடம் வேண்டுமென்றால் தேட இடமுண்டு. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டு பழைய கட்டடங்களை அளந்து வரையும் அரசுத் திட்டம் 1933-இல் தொடங்கியது. பாலம், பணிமனை போன்ற பொறியியல் சின்னங்களுக்கான திட்டம் 1969-இல் வந்தது. இரண்டின் தாள்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் இலவசம். ரயில்வே சொத்தை மதிப்பிட 1913-இல் வந்த சட்டத்தின் பேரில் எடுத்த களக்குறிப்புகளில் சின்னக் கட்டடங்களின் நீள அகலமும் அகப்படும். எல்லாம் கைவிட்டால் சான்பார்ன் தீ காப்பீட்டு வரைபடம் இருக்கிறது: செங்கல் இளஞ்சிவப்பு, மரம் மஞ்சள், கல் நீலம். தீக்குப் பயந்தவர்கள் பூசிய வண்ணம் குட்டி ஊர் கட்டுகிறவர்களுக்கு வழிகாட்டுகிறது.

அடுத்தது அளவு. எச்.ஓ. என்ற மாடல் ரயில் அளவில் நிஜத்தின் ஓர் அடி 3.5 மி.மீ. அடிக்குக் கால் அங்குலம் என்று வரைந்த தாளை 55 சதவீதமாகச் சுருக்கி அச்செடுத்தால் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் பழைய தாள் சுருங்கியிருக்கும், நகல் ஒரு பக்கமாக இழுத்திருக்கும். எழுதியிருக்கும் அளவு ஒன்றை நீளவாக்கிலும் இன்னொன்றை அகலவாக்கிலும் சரிபார்க்க வேண்டும். கோடு ஒன்று சொல்லி எண் இன்னொன்று சொன்னால் எண்ணை நம்புவதே முறை.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது கூரையில். முன்பக்கத் தோற்றத்தில் தெரியும் கூரையின் உயரத்தை அப்படியே அளந்து தகட்டை வெட்டினால் கூரை முகட்டை எட்டாது. சரிவான பரப்பை நேரே நின்று பார்த்து வரையும்போது அது குறுகிவிடுகிறது. 24 அடி அகலக் கட்டடத்தில் கூரை 8 அடி உயர்ந்தால், முன்பக்க வரைபடத்தில் அது வெறும் 28 மி.மீ.; சரிவின் உண்மை நீளமோ 50 மி.மீ.க்குச் சற்று மேல். அந்த அளவு பக்கவாட்டு வரைபடத்தின் சாய்கோட்டில்தான் இருக்கிறது. சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்தை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

சுவர்களுக்கு ஒரு மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு போதும். முன்பின் சுவர்களை முழு நீளத்துக்கு வெட்டிவிட்டு, அவற்றுக்கிடையே பொருந்தும் பக்கச் சுவர்களில் தகட்டின் கனத்தை இருமுறை கழிக்க வேண்டும்: 84 மி.மீ. சுவர் 82 ஆகிறது. ஜன்னல் துளைகளைச் சுவர்கள் தட்டையாகக் கிடக்கும்போதே வெட்டிவிடுவது நல்லது. ஜன்னல் சட்டங்களைக் கையாலேயே செய்துதான் தீருவேன் என்ற பிடிவாதம், என்னைக் கேட்டால், வீண். வார்ப்பில் கிடைப்பவை மெல்லியவை, ஒன்றுபோல் இருப்பவை.

வண்ணத்துக்குக் கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் நம்புவது ஆபத்து. அந்தக் கால பிலிம்களில் பல சிவப்பை உணராதவை. சிவப்புச் சுவர் ஏறத்தாழ கறுப்பாக விழுந்திருக்கும்.

இடப் பற்றாக்குறை கடைசியில் வரும் தலைவலி. 200 அடிச் சரக்குக் கிடங்கு எச்.ஓ.விலேயே 70 செ.மீ. பிடிக்கும். அதைக் குறைக்கிறவர்கள் கதவைச் சிறிதாக்குவதில்லை. ஆறடி மனிதன் 21 மி.மீ. உயரத்தில் அந்த வாசல் முன் நின்றாக வேண்டும், மேடையும் சரக்குப் பெட்டியின் தளத்தோடு ஒட்டி வர வேண்டும். கதவுகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்கிறார்கள்: எட்டுக் கதவுக் கிடங்கு ஐந்து கதவோடு நின்றாலும் பார்ப்பவர் எண்ணுவதில்லை. வெட்டும் முன் அட்டையில் ஒரு மாதிரி செய்து, தண்டவாளம் பக்கத்தில் சில நாள் வைத்துப் பார்த்தால் எத்தனை கதவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.